நிலக்காவலும் கடற்காவலும்

நாட்டிற்குக் காவல் யாதென வினவின், நிலவலியுடையார் ஒன்றும் கடல்வலியுடையார் வேறொன்றும் விடை பகர்வர். இதனைப் பண்டைக் கிரேக்கர் சரித்திரங்கொண்டு ஆராய்வோம்.

ஸ்பார்ட்டா நிலவலி மிக்கது. அதன் வயல்களை உழுதோர் ஹெலாட்டுகள் என்னும் அடிமை மக்கள். ஆள்வோரினும் தொகையிற் பலர். அவர் கிளர்ந்தெழுவரென்னும் அச்சத்தால், ஸ்பார்ட்டர் தம் சேனையை நெடுந்தொலைவில் நெடுநாள் நிறுத்தத் தயங்கினர்.

ஏதென்ஸோ கடலை நம்பிற்று. கி.மு. 431-இல் போர் மூண்டதும், தலைவராகிய பெரிக்ளிஸ் சொற்படி மக்கள் தம் விளைநிலங்களைப் பகைவர்க்கு விட்டு, துறைமுகம்வரை நீண்ட மதிலகத்துட் புகுந்தனர். அங்கே கொள்ளைநோய் பல்லாயிரவரை மாய்த்தது. ஆயினும் கருங்கடற் கரையினின்று தானியக் கப்பல்கள் வந்துகொண்டிருந்தமையின் நகரம் வீழ்ந்திலது.

பின்னர்ப் பாரசீகர் பொன்னுதவியால் ஸ்பார்ட்டாவும் கப்பற்படை கண்டது. கி.மு. 405-இல் அதன் தளபதி லைசாண்டர், ஹெலஸ்பாண்ட் நீரிணையில் ஏதென்ஸின் கலங்களுட் பெரும்பாலனவற்றைக் கைப்பற்றித் தானியவழியை அடைத்தான். மறுவாண்டு நகரம் பசியாற் பணிந்தது, மதில்கள் இடிக்கப்பட்டன.

வென்ற ஸ்பார்ட்டாவும் கி.மு. 371-இல் லியூக்ட்ராப் போரில் தோற்றது. சில்லாண்டுகளுள் மெசீனியா நாட்டு ஹெலாட்டுகள் விடுதலை பெற்றனர். அதனோடு அதன் பழவலியும் ஒழிந்தது.

ஆதலின், மதிலும் படையும் மட்டுமே காவலாகா. சோறு வரும் வழியும், சோற்றை விளைப்பார் மனமும் காக்கப்படுதல் வேண்டும் என்பதே நாம் கொள்ளத்தக்கது.