ஒரு சனிக்கிழமையின் விலை

2006 நவம்பர் 18, சனிக்கிழமை. வேலை விஷயமாக ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரத்தில் இருந்த சமயம். மதியம் மூன்றரை மணிக்குக் காய்கறி வாங்கக் கடைக்குப் போனால், பில் போடுகிற பெண்ணைத் தவிர யாருமே இல்லை. அவரும் ரேடியோவில் காதை வைத்துக்கொண்டு, ‘இன்னைக்குப் போயா கடைக்கு வர்றது?’ என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

அன்றைக்கு அந்த ஊர் மைதானத்தில் ஒஹாயோ ஸ்டேட், மிச்சிகன் இரண்டு பல்கலைக்கழக அணிகளும் மோதின. அமெரிக்க ஃபுட்பால்; நம்ம ஊர் கால்பந்து இல்லை. தரவரிசையில் ஒன்று முதலிடம், இன்னொன்று இரண்டாமிடம். இரண்டுமே அந்த சீசனில் தோற்கவே இல்லை. முந்தின நாள்தான் மிச்சிகனின் பழைய பயிற்சியாளர் போ ஷெம்பெக்லர் இறந்திருந்தார். மைதானத்துக்குள் 1,05,000 பேருக்கு மேல், டிவியில் 2 கோடிப் பேருக்கு மேல். ஒஹாயோ ஸ்டேட் 42-39 என்று ஜெயித்தது.

இத்தனைக்கும் அது ஃபைனல் இல்லை, செமி ஃபைனலும் இல்லை. வருஷா வருஷம் நடக்கிற வழக்கமான சீசன் ஆட்டம். அதுக்கு ஏன் ஊரே அடங்கிப்போகணும்? ரொம்ப நாள் கழித்துத் தேடிப் படித்தபோதுதான் விடை கிடைத்தது.

கல்லூரி ஃபுட்பாலின் மேல்மட்டத்தில் பல பத்தாண்டுகளாக ஃபைனல் என்று ஒன்று கிடையாது. சீசன் முடிந்ததும் புத்தாண்டை ஒட்டி வெயில் அடிக்கிற ஊர்களில் ‘பௌல்’ ஆட்டங்கள் நடக்கும். பாதி விளையாட்டு, பாதி சுற்றுலா. மூத்தது பாசடீனாவின் ரோஸ் பௌல், 1902-ல் தொடங்கியது. சாம்பியன் யார் என்பதை ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். 1936 முதல் அசோசியேட்டட் பிரஸ் பத்திரிகையாளர்கள், 1950 முதல் பயிற்சியாளர்களும். இரண்டு பட்டியலும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டு சாம்பியன்கள். 1990, 1991, 1997-ல் அப்படித்தான் ஆனது.

இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்ட 1998-ல் பௌல் சாம்பியன்ஷிப் சீரிஸ் வந்தது. இரண்டே அணிகள், ஒரே ஃபைனல். 2006-ல் அந்த இரண்டைத் தேர்ந்தெடுத்த சூத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்கு மனிதர்களின் ஓட்டு, ஒரு பங்கு ஆறு கணினித் தரவரிசைகள். மூன்றே புள்ளியில் தோற்ற மிச்சிகன், கடைசியில் ஃபுளோரிடாவை விட நூறில் ஒரு பங்கு குறைந்து மூன்றாமிடத்துக்குப் போனது. ஃபைனல் வாய்ப்பு போச்சு. ஃபுளோரிடா ஃபைனலில் ஒஹாயோ ஸ்டேட்டை 41-14 என்று நொறுக்கியது.

யோசிச்சுப் பாருங்க. ஒரு தோல்வி, சீசன் முடிந்தது. அந்தப் பயம்தான் கடையைக் காலி பண்ணியது. அதே பயம்தான் மிச்சிகன்காரர்களுக்கு அநியாயமாகவும் பட்டது. ஒன்றை விட்டு ஒன்று கிடைக்காது.

2014 சீசனில் நாலு அணி பிளேஆஃப் வந்தது. 2015 ஜனவரி 1-ல் நடந்த முதல் இரண்டு செமி ஃபைனல்களையும் தலா 2.8 கோடிப் பேர் பார்த்தார்கள். அடுத்த சீசனில் அவற்றை டிசம்பர் 31-க்கு மாற்றினார்கள். கூட்டம் 1.56 கோடி, 1.85 கோடி என்று விழுந்தது. முறை அதேதான், தேதியும் நேரமும்தான் வேறு. எல்லாப் பழியையும் முறை மேல் போடக்கூடாது என்பதற்கு இது ஒரு சாட்சி.

மைதானக் கூட்டமும் அப்படித்தான். மேல்மட்ட அணிகளின் சராசரி 2008-ல் சுமார் 47 ஆயிரம், 2018-ல் சுமார் 42 ஆயிரம். சரிவு பிளேஆஃபுக்கு முன்பே தொடங்கிவிட்டது. நல்ல டிவி வீட்டிலேயே இருக்கும்போது யார் குளிரில் போய் நாலு மணி நேரம் உட்காருவார்கள்?

ஆனால் முறை மாறியதால் நேரடியாக அடி வாங்கியவை பிளேஆஃபுக்கு வெளியே நின்ற பௌல்கள். 2016-ல் லெனர்ட் ஃபோர்னெட், கிறிஸ்டியன் மெக்காஃப்ரி இருவரும் தங்கள் பௌல் ஆட்டத்தையே தவிர்த்தார்கள். காயம் பட்டால் தொழில்முறை வாழ்க்கை போய்விடும், ஜெயித்தாலும் ஒன்றும் கிடைக்காது. 2023-ல் 13 ஆட்டமும் ஜெயித்த ஃபுளோரிடா ஸ்டேட்டை நாலில் சேர்க்கவில்லை. பல வீரர்கள் விலகிக்கொள்ள, ஆரஞ்சு பௌலில் ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றார்கள்.

2024-ல் 12 அணிகள். முதல் சுற்று முதல்முறையாகக் கல்லூரி மைதானங்களிலேயே நடந்தது. நாலில் மூன்று மைதானங்கள் லட்சம் பேர் கொள்பவை. இண்டியானா, அரிசோனா ஸ்டேட் மாதிரி இத்தனை காலம் ஓரத்தில் நின்ற ஊர்களுக்கும் டிசம்பரில் நம்பிக்கை வந்தது. வேடிக்கை என்னவென்றால், முதல் நாலு இடம் பிடித்த அணிகளுக்கு முதல் சுற்று விடுப்பு, அதனால் சொந்த ஊரில் ஆட்டமே இல்லை. நன்றாக ஆடியவர்களின் ரசிகர்கள்தான் டிக்கெட்டும் விமானமும் போட்டு வெளியூர் போகவேண்டியிருந்தது.

இப்போது கொலம்பஸுக்கே திரும்பலாம். 2024 நவம்பர் 30-ல், தரவரிசையிலேயே இல்லாத மிச்சிகனிடம் ஒஹாயோ ஸ்டேட் 13-10 என்று சொந்த மைதானத்தில் தோற்றது. தொடர்ந்து நாலாவது முறை. பழைய கணக்கில் கதை முடிந்திருக்கும். புதுக் கணக்கில் மூன்று வாரம் கழித்து அதே மைதானத்தில் டென்னசியோடு பிளேஆஃப். அன்று இருக்கைகளில் டென்னசியின் ஆரஞ்சு நிறம் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. அங்கே இருக்கும் என் பழைய சகா ஒருவரும் தன் டிக்கெட்டை விற்றுவிட்டார். “மனசு வரலைப்பா” என்றார். ஒஹாயோ ஸ்டேட் அன்று ஜெயித்தது. பிறகு பாசடீனா, ஆர்லிங்டன், அட்லாண்டா என்று மூன்றே வாரத்தில் மூன்று ஊர் போய், கோப்பையோடு திரும்பியது.

என் முடிவு இதுதான். பிளேஆஃப் முறை ஆர்வத்தைப் புதிதாக உற்பத்தி செய்வதை விட, இருப்பதை இடம் மாற்றுகிறது. ஒரு பெரிய சனிக்கிழமையிலிருந்து எடுத்து, பத்துப் பன்னிரண்டு ஊர்களின் டிசம்பருக்குப் பிரித்துக் கொடுக்கிறது. இண்டியானாக்காரருக்கு இது நியாயம். 2006-ன் மிச்சிகனுக்கும் இது கிடைத்திருக்கவேண்டும். ஆனால் 16, 24 என்று பேசுகிறவர்கள் செலவுப் பக்கத்தையும் எழுதிவைக்கவேண்டும். கூடுதல் ஆட்டங்களை ரசிகர் வீட்டுப் பக்கத்தில் வைத்தால்தான் அந்தச் செலவில் பாதியாவது திரும்பி வரும்.

கோப்பை வந்த மறுநாள் என் சகாவுக்கு வாழ்த்துச் சொல்லப் போன் போட்டேன். நன்றி சொன்னார். அடுத்த வாக்கியத்திலேயே மிச்சிகனைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்துவிட்டார்.