யார் வார்த்த கல்? அரிசோனா பில்ட்மோர் விடுதியும் 1930ஆம் ஆண்டுக் கடிதமும்

ஃபீனிக்ஸ் நகரின் அரிசோனா பில்ட்மோர் விடுதியை உண்மையில் வரைந்தவர் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட். ஆல்பர்ட் சேஸ் மெக்ஆர்தர் அதற்குத் தன் பெயரைக் கொடுத்தவர் மட்டுமே. இப்படியொரு கருத்து பல பத்தாண்டுகளாக ஆய்வுலகில் நிலவுகிறது. இதை முன்வைப்போர் தமக்கு எதிரான முதன்மைச் சான்றை மறைப்பதில்லை. 1930 ஜூன் 2 அன்று ரைட் எழுதிய கடிதம் மெக்ஆர்தரே கட்டடக் கலைஞர் என்று சொல்வதை ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் அது நெருக்கடியில் இருந்த பழைய மாணவருக்கு ஆசான் மனமிரங்கித் தந்த சலுகை, எனவே சான்றாகாது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கடிதத்தை அது நோக்கிய ஊரோடும் எழுதப்பட்ட காலத்தோடும் சேர்த்து வாசித்தால் இந்த விளக்கம் நிற்காது என்பது என் வாதம். பாலைநில விடுதிகளின் வரிசையில் பில்ட்மோருக்கு உரிய இடமும் இந்தக் கேள்வியைப் பொறுத்தே அமைகிறது.

கடிதம் மிகச் சிறியது. நான்கு செய்திகளே அதில் உள்ளன. இக்கட்டடத்தின் பொருட்டுத் தான் செய்த அனைத்தும் ஆல்பர்ட் ஒருவர் கேட்டதற்காக, அவருக்காகவே செய்தவை என்கிறார் ரைட். கட்டடக் கலைஞர் ஆல்பர்ட்தான், அந்தப் பெருமையை அவரிடமிருந்து பறிக்கும் முயற்சிகள் தேவையற்றவை என்கிறார். அவர் இல்லையென்றால் ஃபீனிக்ஸ் நகருக்கு இப்படி ஒன்று வாய்த்திராது என்கிறார். இறுதியாக, அந்நகருக்கு இன்னும் பல அழகிய கட்டடங்களைத் தரும் வாய்ப்பு அவருக்குக் கிட்ட வேண்டும், அதற்கான ஆற்றல் அவரிடம் உண்டு என்று முடிக்கிறார்.

சலுகை வாதத்தினர் முதற்செய்தியிலேயே நின்றுவிடுகிறார்கள். ‘நான் செய்த அனைத்தும்’ என்பது ஏதோ செய்ததை ஒப்புக்கொள்வதுதானே என்பது அவர்கள் கேள்வி. ஆம், ஒப்புக்கொள்வதுதான். 1928இன் தொடக்க மாதங்களில் ரைட் ஃபீனிக்ஸில் தங்கி ஆலோசகராகப் பணியாற்றியதை எவரும் மறுக்கவில்லை. அவர் எவ்வளவு செய்தார் என்பதைக் கடிதம் சொல்லவில்லை. நாமும் அதில் துணிந்து அளவிடக் கூடாது. ஆனால் யாருக்காகச் செய்தார் என்பதைக் கடிதம் ஐயமின்றிச் சொல்கிறது. ஆலோசகர் கட்டடக் கலைஞருக்குப் பணி செய்கிறார், உரிமையாளருக்கு அல்ல. ரைட்டுக்கும் ஆல்பர்ட்டுக்கும் இடையில் வரைய வேண்டிய எல்லைக்கோட்டைத்தான் அந்த முதல் வாக்கியம் வரைகிறது.

பலரும் கண்டுகொள்ளாத கடைசிச் செய்தியே என் பார்வையில் முக்கியமானது. அது எதிர்காலத்தைப் பற்றியது. ஃபீனிக்ஸில் வீடோ கடையோ கட்ட எண்ணியிருக்கும் ஆட்களை நோக்கியது. ஆக, இது ஆல்பர்ட்டின் தொழிலைக் காப்பதற்கான நற்சான்று. இங்கேதான் சலுகை வாதம் தடுமாறுகிறது. நற்சான்று வேலை செய்ய வேண்டுமானால் படிப்பவர் நம்ப வேண்டும். 1930 கணக்கெடுப்பில் ஃபீனிக்ஸின் மக்கள்தொகை 48,118. விடுதி திறந்து பதினாறு மாதங்கள்கூட ஆகவில்லை. கலவை கலந்தவர், அச்சில் வார்த்தவர், சாரம் கட்டியவர் எனப் பலரும் அவ்வூரிலேயே இருந்தார்கள். வரைபட மேசையில் யார் குனிந்திருந்தார் என்பது ஊரறிந்த செய்தி. பொய்ச்சான்றை அவ்வூரிடம் விற்க முடியாது. விற்க முயன்றிருந்தால் ஆல்பர்ட்டுக்கு அது உதவியாக அன்றி உலையாக முடிந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கடிதத்தால் இழந்தவர் ரைட்தான். தன் டாலியெசின் வீட்டை வங்கி கைப்பற்றிய நெருக்கடியிலிருந்து அவர் முழுதும் மீளாத காலம் அது. கையில் பெரிய வேலை இல்லை. பாலையில் கட்டி முடிக்கப்பட்டு, பேரும் பெற்றுவிட்ட ஒரு மாளிகையை ‘என்னுடையது’ என்று சொல்லும் வாய்ப்பை அப்போது அவர் கைவிட்டிருக்கிறார். தன் உழைப்பின் உரிமையை எளிதில் விட்டுக்கொடுக்காத மனிதர் அவர் என்பதை நாம் நன்கறிவோம். அப்படிப்பட்டவர் தனக்கு நட்டம் தரும் ஒன்றை எழுதுகிறார் என்றால், அது உண்மை என்று கொள்வதே எளிய விளக்கம்.

கடிதம் சொல்வதைக் கல்லும் சொல்கிறது. பில்ட்மோரின் கான்கிரீட் பிளாக்குகள் அந்த இடத்துப் பாலை மணலைக் கொண்டே அங்கேயே வார்க்கப்பட்டவை. அச்சுகளின் புடைப்பு வடிவங்களைச் செய்தவர் எம்ரி காப்டா என்ற சிற்பி. ஒரு பிளாக்கை அருகில் நின்று பாருங்கள். முகம் வழவழப்பாக இல்லை. மணற்பரு கையில் நெருடும். உச்சி வெயிலில் வடிவம் தட்டையாகத் தெரியும். மாலைச் சாய்வெயிலில் வரிப்பள்ளங்களில் நிழல் இறங்கி, சுவரே பாய் முடைந்ததுபோல் ஆகிவிடும். இந்த முறைக்கு ரைட் கடன் கொடுத்தவர் என்பதில் ஐயமில்லை. 1923, 1924 ஆண்டுகளில் கலிஃபோர்னியாவில் மில்லர்ட், ஸ்டோரர், ஃப்ரீமன், எனிஸ் வீடுகளில் அவர் வளர்த்தெடுத்த டெக்ஸ்டைல் பிளாக் முறை இது. இங்கே பயன்படுத்த 10,000 டாலர் பெற்றதாகச் சொல்லப்படுகிறது. ஆனால் ரைட்டின் பிளாக் சதுரம். சுவரைத் தாங்குவதும் அதுவே, அழகு செய்வதும் அதுவே. பில்ட்மோரின் பிளாக் நீள்சதுரம். கட்டடத்தின் பாரத்தைத் தாங்குவது கான்கிரீட் சட்டகம். ரைட்டின் கொள்கையின் உயிர்நிலையே அந்தச் சதுர அலகும் தாங்கும் சுவரும்தான். முறையைக் கடன் வாங்கியவர் அதன் உயிர்நிலையை மாற்றியிருக்கிறார். கடன் கொடுத்தவரே வரைந்திருந்தால் இப்படி மாற்றியிருப்பாரா?

இதற்கு ஊகத்தால் விடை தேட வேண்டியதில்லை. ரைட் அதே நாட்டில், அதே ஆண்டுகளில் ஒரு பாலை விடுதியை வரைந்திருக்கிறார். 1913இலேயே சான் மார்கோஸ் விடுதியைத் திறந்திருந்த அலெக்ஸாண்டர் சாண்ட்லர், பில்ட்மோருக்கு ஈடாக ஒன்று வேண்டும் என்று ‘பாலையில் சான் மார்கோஸ்’ திட்டத்தை அவரிடம் ஒப்படைத்தார். 1929 தொடக்கத்தில் ஒகாட்டியோ என்ற மரமும் துணியுமான முகாமை அமைத்துத் தங்கி ரைட் அதை வரைந்தார். அந்த ஆண்டு அக்டோபரில் பங்குச்சந்தை சரிந்தது. திட்டம் காகிதத்திலேயே நின்றுபோனது. கட்டியிருந்தால் பில்ட்மோரின் நேரடிப் போட்டியாளர் அதுதான். அதன் வரைபடங்களில் விடுதி மலைச்சரிவோடு ஒட்டிப் படிப்படியாக நீள்கிறது. மலையின் முக்கோணமே தளத்தின் முக்கோணம். பிளாக்கின் வரிகள் சகுவாரோ கள்ளியின் விலாவரிகள். பில்ட்மோரோ சமதரையில் நடு மாளிகையும் சிறகுகளுமாக, வருவோரை முகம்கொடுத்து வரவேற்கும் விதமாக நிற்கிறது. ஒரே கை ஓராண்டு இடைவெளியில் இவ்விரண்டையும் வரைந்தது என்று நம்புவது எனக்கு இயலவில்லை.

ஆல்பர்ட் இளமையில் ரைட்டின் ஓக் பார்க் பணிமனையில் பயின்றவர்தானே என்பர். பயின்றவர்தான், பள்ளி ஒன்று என்பதால் கை ஒன்றாகிவிடாது. பிறகு அவர் இதற்கு ஈடாக எதுவும் கட்டவில்லையே என்பர். மந்தநிலையில் சிக்கி, பின் லாஸ் ஏஞ்சலஸ் சென்று, 1951இல் மறைந்த ஒருவரிடம் இதைக் கேட்பதில் பொருளில்லை. பிளாக் முறையின் காப்புரிமை யாருக்கு என்ற சர்ச்சையும் உண்டு; அது வழக்கறிஞர்களுக்கு உரியது. வரைந்தவர் யார் என்பதை அது தீர்மானிக்காது. ஆல்பர்ட் பெயரிலான மூல வரைபடங்கள் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன என்பதோடு இவற்றை முடித்துக்கொள்ளலாம்.

அப்படியானால் ரைட்டின் பெயர் இவ்வளவு ஆழமாக வேரூன்றியது எப்படி? 1973 ஜூனில் விடுதியில் பெருந்தீ. மேல்தளமும் கூரையும் சிதைந்தன. ரிக்லி குடும்பத்திடமிருந்து அப்போதுதான் கைமாறியிருந்த விடுதியைச் சில மாதங்களில் சீரமைத்தவர்கள் ரைட்டின் வழிவந்த டாலியெசின் கலைஞர்கள். முன்கூடத்தில் இன்று வருவோர் முதலில் காணும் வண்ணக் கண்ணாடி அப்போது பொருத்தப்பட்டது. சகுவாரோவும் கள்ளிப்பூவும் கோணங்களாகப் பிரிந்து, பின்னொளியில் பச்சையும் சிவப்புமாய் எரியும் அந்த வடிவம் ‘லிபர்ட்டி’ இதழின் அட்டைக்காக 1920களில் ரைட் வரைந்தது. 1929இல் இக்கட்டடத்தில் அது இல்லை. தோட்டத்துச் சிலைகளும் சிகாகோவின் மிட்வே கார்டன்ஸ் சிலைகளின் மறுபடிகள். பிற்காலச் சித்தர் ஏடுகளில் அகத்தியர் பெயர் ஏறியது எப்படியோ, அப்படியே இங்கும் பெரிய பெயர் படலம் படலமாகப் படிந்திருக்கிறது. பின்னாளில் அங்கே ஓர் உணவகத்துக்கு ‘ஃபிராங்க் அண்ட் ஆல்பர்ட்ஸ்’ என்று பெயரிட்டபோது விடுதி ஆல்பர்ட்டுக்குப் பாதி நியாயம் செய்தது. மீதிப் பாதி இன்னும் நிலுவையில் இருக்கிறது.

இந்தப் படிவைக் களைந்தால் விடுதியின் மதிப்பு குறையும் என்று அஞ்சுவோர் உண்டு. எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. போட்டி விடுதிகள் திறந்த ஆண்டுகளைப் பாருங்கள்: கலிஃபோர்னியாவின் லா கின்டா 1926, விக்வாம் 1929, மேட்டு மண்ணிலேயே செங்கல் அறுத்துக் கட்டிய கேமல்பேக் இன் 1936, மலையடிவாரத்து ஃபினீஷியன் 1988. நீச்சல் குளம், கோல்ஃப், மலைக்காட்சி எல்லாவற்றிலும் இவை பில்ட்மோருக்குச் சளைத்தவை அல்ல. பணமிருந்தால் நாளை இன்னொருவர் இன்னும் மிகுதியாகச் செய்துவிடலாம். ரைட்டின் பெயரை நம்பி நிற்பதிலும் பயனில்லை. ஸ்காட்ஸ்டேலில் 1937 முதல் அவரே கட்டி வாழ்ந்த டாலியெசின் வெஸ்ட் கண்முன் இருக்கும்போது, பில்ட்மோர் ரைட்டின் பட்டியலில் அவரே முழுமையாக ஏற்காத, கலங்கலான ஒரு வரியாகத்தான் எஞ்சும். மெக்ஆர்தரின் கட்டடமாகப் பார்த்தால் நிலைமை வேறு. ஆசானின் கருவியை வாங்கி, அதன் விதியை மாற்றி, ஸ்பானியச் சாயல் பரவியிருந்த ஒரு நிலத்தில் அந்த மண்ணையே வார்த்து நிமிர்த்திய ஒரு மனிதனின் தலைசிறந்த படைப்பு அது. போட்டி விடுதிகள் எதற்கும் அப்படியொரு வரலாறு இல்லை.

ரைட் ஆற்றிய பங்கின் அளவு இன்னும் துல்லியமாக வரையறுக்கப்பட வேண்டியதே. அந்த வேலையை, 1930இல் அவர் தன் கையால் போட்டுத் தந்த எல்லைக்கோட்டிலிருந்து தொடங்குவதே முறை.