வெள்ளைப் பூச்சு வந்த வழி: ஒல்லாந்துச் சுவர்ப் பீங்கான்கள்

எங்கள் உம்மம்மா வீட்டு ஹோலில் ஒரு நீலப் பீங்கான் தொங்கியது. காற்றாலை, வாய்க்கால், பாய் விரித்த ஓர் ஓடம். உருவப் படங்கள் மாட்டாத வீடு என்பதால் சுவரில் இருந்த ஒரே சித்திரம் அதுதான். "ஒல்லாந்தர் காலத்துச் சாமான், கை வைக்காதீங்க" என்று உம்மம்மா எங்களை அதட்டுவார்.

உம்மம்மா மௌத்தான பிறகு பீங்கான் மாமாவிடம் போயிற்று. அதை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்திருக்கிறார் என்று மாமா என்னிடம் வந்தார். "மகன், நீ படிச்ச ஆள்தானே. முந்நூறு வருசத்துச் சாமான் எண்டு ஒரு துண்டில எழுதித் தா."

எழுதுவதற்கு முன் அறிய வேண்டும். அப்படித்தான் இந்தத் தேடல் தொடங்கிற்று.

தேடல் என்னை முதலில் கொண்டுபோய் விட்ட இடம் ஒல்லாந்து அல்ல, பஸரா. 9ஆம் நூற்றாண்டில் அப்பாசியர் ஆண்ட ஈராக்கிற்குச் சீனத்து வெள்ளைப் பீங்கான்கள் கடல்வழியாக வந்தன. பஸராக் குயவரிடம் அந்த வெள்ளைக் களிமண் இல்லை. அவர்களது மண் சுட்டால் மங்கிய மஞ்சளாகும். ஆகவே மெருகுப் பூச்சில் வெள்ளீயம் சேர்த்தார்கள். பூச்சு பால்போல வெளுத்து, அடியிலுள்ள மண்ணை மறைத்தது. அந்த வெள்ளையின் மேல் கோபால்ட் நீலத்தால் எழுதினார்கள். வெள்ளையில் நீலம் என்று இன்று உலகம் ஒல்லாந்தரோடு சேர்த்துப் பேசுகிற அழகு, எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் கையில் இருந்தது.

இந்த வித்தை மேற்கே நடந்தது. அந்தலூஸின் மாலகா நகரில் செழித்தது. பின்னர் இத்தாலியில் மயோலிகா என்ற பெயரில் வளர்ந்தது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியக் குயவர் அன்ட்வர்ப்பில் குடியேறினர். 1585இல் ஸ்பானியப் படை அந்நகரைப் பிடித்தபோது, கைவினைஞர் பலர் வடக்கே ஒல்லாந்துக்குப் பெயர்ந்தனர். அடுப்பும் அவர்களோடு போயிற்று.

அதன்பின் வணிகம் வந்தது. 1602இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி உருவாயிற்று. நமது கரையோரங்களைப் பின்னாளில் ஆண்டதும், நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்று தன் ஊர்ப் பெயரை வைத்ததும் இதே கம்பனிதான். 1603இல் அவர்கள் சாந்தா கத்தரினா என்ற போர்த்துக்கேயக் கப்பலைப் பிடித்து, அதன் சரக்கை அம்ஸ்டர்டாமில் ஏலம் போட்டார்கள். அதில் சீனப் பீங்கான் ஏராளம். ஒல்லாந்து வீடுகளுக்கு அந்த நீலத்தில் ஆசை பிடித்தது. 1644இல் மிங் வம்சம் வீழ, உள்நாட்டுக் குழப்பத்தில் சீனச் சரக்கின் வரத்துச் சுருங்கிற்று. ஆசை மட்டும் சுருங்கவில்லை.

அந்த வெற்றிடத்தை நிரப்பிய ஊர்தான் டெல்ஃப்ட். அங்கே பியர் வடிக்கும் தொழில் நொடிந்து, வாய்க்கால் ஓரத்துப் பெரிய கட்டடங்கள் சும்மா கிடந்தன. குயவர் அவற்றில் புகுந்தனர். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முப்பது அளவில் பட்டறைகள் இயங்கின. ஒருமுறை சுட்ட தட்டை வெள்ளைப் பூச்சில் தோய்த்து, ஊசியால் துளையிட்ட கடதாசியை மேலே வைத்துக் கரித்தூளைத் தட்டுவார்கள். புள்ளிகளைத் தொடர்ந்து தூரிகை ஓடும். காய்ந்த பூச்சு மையை உடனே உறிஞ்சிவிடும், போட்ட கோட்டை அழிக்க முடியாது. பிறகு இரண்டாவது சூளை. அந்தத் துணிவுதான் பழைய டெல்ஃப்டின் உயிர்.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் உறுதியான, மலிவான பாத்திரங்கள் சந்தையைப் பிடித்தன. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. 1653இல் தொடங்கிய 'போர்சலைன் ஃபிளெஸ்' ஒன்றே டெல்ஃப்டில் தாக்குப்பிடித்தது. 1876இல் ஜோஸ்ட் தூஃப்ட் அதை வாங்கி, வெள்ளையாகச் சுடும் மண்ணில் நீலச் சித்திர வேலைக்குப் புத்துயிர் கொடுத்தார்.

ஆகவே சேகரிப்பவர் முதலில் செய்ய வேண்டியது, பீங்கானைத் திருப்பிப் பார்ப்பது. பழைய வெள்ளீயப் பூச்சுத் தட்டின் விளிம்பு கொஞ்சம் உதிர்ந்திருக்கும். உதிர்ந்த இடத்தில் மஞ்சள் மண் தெரியும். சூளையில் தாங்கிய முளைகளின் தழும்பும் இருக்கும். போர்சலைன் ஃபிளெஸ் தட்டில் ஒரு சிறு குப்பி, தூஃப்டின் முதலெழுத்துகள், டெல்ஃப்ட் என்ற பெயர் ஆகியன கையால் எழுதப்பட்டிருக்கும். 1879 முதல் ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் உண்டு. அடையாளத்தை மட்டும் நம்பவும் கூடாது. கிரேக்க ஏ பட்டறையின் அட்ரியானுஸ் கொக்ஸ் இட்ட 'ஏகே' குறியைப் பிற்காலத்தவர் தாராளமாகப் போலி செய்தனர்.

மாமாவின் பீங்கானைத் திருப்பினேன். பின்புறத்தில் அச்சு முத்திரை: டெல்ஃப்ட்ஸ், றோயல் ஸ்பிங்ஸ், பொக். மாஸ்ட்ரிக்ட் நகரத்து ஸ்பிங்ஸ் நிறுவனத்துக்காகப் பெல்ஜியத்தின் பொக் ஆலை செய்தது. 20ஆம் நூற்றாண்டுச் சாமான். ஆலை எதையும் மறைக்கவில்லை, பின்னால் அச்சிட்டே தந்திருக்கிறது. திருப்பிப் பார்க்காதவர்கள் நாங்கள்தான். நீலக் கோடுகள் ஒரே சீராக இருந்தன. தூரிகையின் ஏற்ற இறக்கம் எங்கும் இல்லை.

விளிம்பில் ஒரு வெடிப்பும், அதையொட்டி ஒரு கபிலக் கறையும் இருந்தன. அது என் கைங்கரியம். பதினைந்து வயதில், பெருநாளைக்கு வீடு துப்புரவாக்கும்போது, அதை வெளிற்றும் திராவகத்தில் ஊறப்போட்டவன் நான். பிறகு இரும்புக் கம்பியை இறுக்கி முறுக்கி மாட்டினேன். மெருகின் கீழே இருப்பது நீர் உறிஞ்சும் மண். வெடிப்பு வழியாகத் திராவகம் உள்ளே போனால் திரும்பி வராது. கம்பியின் இறுக்கம் விளிம்பைப் பிளக்கும், கடற்காற்றில் துருவேறிக் கறை படியும்.

இப்போது அறிந்தவற்றைச் சொல்கிறேன். தூசியை மெல்லிய தூரிகையால் தட்டினால் போதும். அழுக்கிருந்தால் ஈரப் பஞ்சால் ஒற்றித் துடையுங்கள், ஊறப்போட வேண்டாம். பழைய தட்டுகள் பலவற்றில் அடி வளையத்திலேயே துளை உண்டு. ஆனால் பழைய கயிற்றை நம்ப வேண்டாம். கம்பித் தாங்கி என்றால் துருப்பிடிக்காததாக, விளிம்பைத் தொடும் இடத்தில் பிளாஸ்ரிக் குழாய் சுற்றியதாக, தட்டின் அளவுக்குத் தளர்வாக இருக்கட்டும். குசினிப் பக்கம் மாட்டாதீர்கள். அடுக்கி வைத்தால் இடையில் துணி வையுங்கள். உடைந்தால் துண்டுகள் எல்லாவற்றையும் பொறுக்கி வையுங்கள். கடைப் பசையால் அவசரமாக ஒட்டினால், பின்னர் திருத்த வருபவருக்கு அதைக் கழற்றுவதே பெரும்பாடு. பழைய மெருகில் ஈயம் உண்டு, அதில் சோறு பரிமாறாதீர்கள்.

மாமாவுக்கு எழுதிக் கொடுத்தேன்: "20ஆம் நூற்றாண்டு. பெல்ஜியத்தில் அச்சிட்டது. விளிம்பில் வெடிப்பு உண்டு." குறையைச் சொல்லி விற்பது வியாபாரக் குடும்பத்தில் பிறந்த அவருக்குத் தெரியாததல்ல. இருந்தும் முகம் வாடிற்று. "உம்மா பொய் சொன்னாண்டு சொல்றியா?" என்றார்.

இல்லை என்றேன். உம்மம்மா தனக்குச் சொல்லப்பட்டதைச் சொன்னார். நாங்கள் கேட்டதோடு நிறுத்திவிட்டோம். அதை யார், எங்கிருந்து, எப்போது கொண்டுவந்தார் என்று அவரிடம் கேட்க எனக்கு முப்பது வருசம் இருந்தது. ஒரு தடவையும் கேட்கவில்லை. பீங்கானின் வரலாற்றில் திருத்த முடியாமல் போன வெடிப்பு அதுதான்.

விற்பனை நடக்கவில்லை. தாங்கியை மாற்றி, பீங்கானைத் திரும்ப மாட்டியிருக்கிறோம். உங்கள் வீட்டிலும் ஒன்று தொங்கலாம். இறக்கித் திருப்பிப் பாருங்கள். அதன் கதை தெரிந்த மூத்தவர் ஹயாத்தோடு இருந்தால், இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள்.