பூட்டியிருந்த கதவு

 

தொழிற்புரட்சிப் பாடத்தின் கடைசியில் "தொழிலாளர் நலச் சட்டங்கள் இயற்றப்பட்டன" என்று ஒரு வரி வரும். மாணவர்கள் அதை அடிக்கோடிட்டுப் படித்துவிட்டுப் போவார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை வகுப்பில் நான் சொல்வது வழக்கம். இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

1911, நியூயார்க். டிரையாங்கிள் என்ற ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒரு பத்து மாடிக் கட்டடத்தின் மேல் மூன்று மாடிகளில் இருந்தது. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் யூத, இத்தாலியக் குடியேறிகளின் வீட்டு இளம்பெண்கள். சனிக்கிழமை மாலை, வேலை முடியும் நேரத்தில் தீப்பிடித்தது. துணி திருடிவிடுவார்கள் என்று 9ஆவது மாடியில் ஒரு கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். வெளிப்புற இரும்புப் படிக்கட்டு பாரம் தாங்காமல் சரிந்தது. தீயணைப்பு ஏணி 6ஆவது மாடி வரைதான் எட்டியது. பலர் சன்னல் வழியே குதித்தார்கள். அரை மணி நேரத்துக்குள் 146 உயிர்கள் போயின.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1909இல் இதே தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தவர்கள். நகரம் முழுக்க இருபதாயிரம் பேர் அதில் சேர்ந்தார்கள். இந்த முதலாளிகள் சங்கத்தை ஏற்கவே இல்லை. விபத்துக்குப் பின் நடந்த வழக்கிலும் அவர்களுக்கு விடுதலைதான். கதவு பூட்டியிருந்தது அவர்களுக்குத் தெரியும் என்பது நிரூபிக்கப்படவில்லையாம்! பின்னர் வழக்குத் தொடுத்த குடும்பங்களுக்குக் கிடைத்தது உயிருக்கு 75 டாலர்.

அப்படியானால் சட்டம் எப்படி வந்தது?

அன்று அருகில் ஒரு வீட்டுக்கு வந்திருந்த பிரான்சிஸ் பெர்கின்ஸ் என்ற பெண்மணி ஓடி வந்து அந்தக் காட்சியைக் கண்ணால் பார்த்தார். சில மாதங்களில் நியூயார்க் மாநிலம் ஒரு விசாரணைக் குழு அமைத்தது. தலைவர் ராபர்ட் வாக்னர், துணைத்தலைவர் அல் ஸ்மித். அந்தக் குழுவின் விசாரணைக்குத் துணை நின்ற பெர்கின்ஸ், அவர்களை நாற்காலியில் உட்கார விடவில்லை. தொழிற்சாலைகளுக்கே அழைத்துப் போனார். தீ விபத்துக்கான வழி என்று காட்டப்பட்ட, பனி உறைந்த ஏணிக்குப் போகும் சிறு துவாரத்தில் வாக்னரைத் தவழ்ந்து போக வைத்தார். நேரில் பார்த்தவர்களால் மறுக்க முடியவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் வந்தன. வேலை நேரத்தில் கதவைப் பூட்டக் கூடாது, தீ ஒத்திகை நடத்த வேண்டும் என்பவையெல்லாம் அப்போது வந்தவைதான்.

1933இல் பெர்கின்ஸ் அமெரிக்காவின் தொழிலாளர் துறைச் செயலர் ஆனார். அந்நாட்டு அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண் அவர். 1938இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்ததிலும் அவர் பங்கு பெரிது.

உயிரோடு இருந்து கேட்டபோது அந்தப் பெண்களுக்குக் கிடைக்காதது, அவர்கள் இறந்த பிறகு மற்றவர்களுக்குக் கிடைத்தது. பாதுகாப்பு விதிகளை யாராவது வீண் தொல்லை என்று சொன்னால், 9ஆவது மாடிக் கதவைப் பற்றிச் சொல்லுங்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.