கருவியும் கையேடும்

ஒரு கருவியை ஆக்குவது ஒரு கலை. அதனை முன்பின் அறியாதார் கையிலும் அது பயன்படுமாறு எடுத்துரைப்பது மற்றொரு கலை. முன்னதன் வரலாறு பலராலும் பேசப்படுகிறது; பின்னதைப் பேசுவார் அரியர். கணிப்பொறித் துறையில் இவ்விரண்டாம் கலை வளர்ந்த வகையையும், இன்று அது எய்தியுள்ள புதிய நிலையையும் இங்கே சுருக்கமாகக் காண்போம்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அமைந்த எட்சாக் என்னும் கணிப்பொறி, 1949-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் நாள் தன் முதல் நிரலை இயக்கிற்று. அடிக்கடி வேண்டப்படும் சிறு நிரல்களைத் துளையிட்ட காகித நாடாக்களில் பதித்து, எவரும் எடுத்தாளும்படி அங்கே ஒரு நூலகமாகச் சேர்த்து வைத்தனர். அந்நிரல்கள் ஒவ்வொன்றும் என்ன செய்யும், நினைவகத்தில் எவ்வளவு இடம் கொள்ளும், எவ்வளவு நேரம் எடுக்கும் என்னும் விவரங்களை, 1951-இல் வில்க்ஸ், வீலர், கில் ஆகிய மூவரும் ஒரு நூலாக வெளியிட்டனர். அம்மூவருள் ஒருவரான டேவிட் வீலர், மறு ஆண்டில் ஓர் அரிய உண்மையைச் சுட்டினார். நிரலை எழுதிச் சோதித்து முடித்த பின்னரும் ஒரு பெரும்பணி எஞ்சி நிற்கிறது. அதன் உள்ளமைப்பை அறியாதாரும் எளிதிற் கையாளுமாறு விளக்கம் எழுதுவதே அப்பணி. எல்லாவற்றினும் கடினமானது அதுவே ஆகலாம் என்பது அவர் கருத்து.

இருபது ஆண்டுகள் கழிந்தன. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் என்னும் இயங்குமுறையை ஆக்கினர். அதன் முதற்கையேடு 1971 நவம்பர் 3-ஆம் நாளிட்டு வெளிவந்தது. ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், எழுதும் முறை, விளக்கம், தொடர்புடைய கோப்புகள், பிழைச் செய்திகள் என வரிசைப்பட ஓர் ஒழுங்கு அதில் அமைந்திருந்தது. இவற்றோடு குறைகள் என்றொரு பகுதியும் இருந்தது. ஆக்கியோரே தம் கருவியின் குறையைத் தம் கையால் எழுதிவைத்த அந்நேர்மை, பின்வந்தோர் பலருக்கும் வழிகாட்டிற்று.

எனினும், கையேடுகள் யாவும் இத்தகையன ஆகவில்லை. எழுதுபவர் தமக்குத் தெரிந்தது பிறர்க்கும் தெரியும் என்று கொண்டுவிடுவது இயல்பு. வெளியூரில் வாழும் நாம் இதனை நன்கு அறிவோம். ஊரிலிருந்து முதன்முறை வரும் உறவினர்க்கு, "நிலையத்தில் இறங்கிச் சிறிது தொலைவு வந்து பிள்ளையார் கோவிலருகே திரும்புக" என்று எழுதினால் நமக்கு அது போதும். எந்த வாயில், எத்திசை, எத்துணைத் தொலைவு என்பது வருபவர்க்கு அன்றோ தெரிதல் வேண்டும்? ஆயினும் அவர் வழியில் நால்வரைக் கேட்டு வந்து சேர்வார். கையேட்டின் குறையை இதுகாறும் நிரப்பி வந்தது மனிதரின் இந்த உசாவும் இயல்பே ஆகும்.

அவ்வியல்பும் உதவாதபோது நேர்வது யாது? தெராக்-25 என்னும் கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம், 1985 முதல் 1987 வரை வட அமெரிக்காவில் ஆறு நோயாளர்களுக்கு அளவு கடந்த கதிர்வீச்சைச் செலுத்திற்று. அவருட் சிலர் உயிர் துறந்தனர். மென்பொருளின் பிழையும், முந்தைய இயந்திரங்களில் இருந்த பாதுகாப்புப் பூட்டுகள் நீக்கப்பட்டமையும் இதற்கு மூல காரணங்கள். ஆனால், 1986-இல் டெக்ஸாஸ் மாநில மருத்துவமனை ஒன்றில் 'மால்பங்ஷன் 54' என்னும் எச்சரிக்கை திரையில் தோன்றியபோது, அதன் பொருளை இயக்குவோர் கையேடு கூறவில்லை. சிறு தடைகளைக் குறிக்கும் அறிவிப்புகளை அடிக்கடி கண்டு பழகிய பணியாளர், மேலே செல்லுமாறு விசையை அழுத்தினார். அங்கே கையேட்டின் மௌனமும் கேட்டிற்குத் துணையாயிற்று.

இன்று கையேட்டைப் படிப்பவர் மனிதர் மட்டும் அல்லர். செயற்கை அறிவு முகவர் என்னும் மென்பொருள், நாம் இட்ட பணியை முடிப்பதற்காகப் பிற மென்பொருட் கருவிகளைத் தானே தேர்ந்து இயக்குகிறது. 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ நிறுவனம் இதற்கொரு முறையை வெளியிட்டது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்னும் பொது நெறிமுறையை அளித்தது. இரண்டிலும் கருவியின் பெயர், விளக்கம், தரவேண்டிய உள்ளீடுகள் ஆகியவை எழுத்தில் தரப்படுகின்றன. அவ்வெழுத்தைக் கொண்டே முகவர் கருவியைத் தேர்கிறது. ஐயம் எழுந்தவிடத்து வினவாமல், ஊகித்து மேற்செல்வதும் உண்டு.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். சித்திரைத் திருவிழாவுக்கு ஊர் செல்ல 03/04 என்னும் நாளுக்குப் பயணச்சீட்டு எடுக்குமாறு முகவரைப் பணிக்கிறோம் என்க. இந்திய வழக்கில் அது ஏப்ரல் 3. அமெரிக்க வழக்கில் மார்ச் 4. நாள் முன்னோ, திங்கள் முன்னோ என்று கருவியின் விளக்கம் கூறாவிடின், பணம் போகும்; பயணமும் கெடும். 'நீக்குக' என்னும் கருவி நீக்கியதை மீட்க இயலாது என்பதைச் சொல்லாது விடின், இழப்பு இன்னும் பெரிதாகும்.

நூலுக்குரிய குற்றங்களை வகுத்த நம் இலக்கணநூலார், குன்றக் கூறலையும் மிகைபடக் கூறலையும் ஒருங்கே குற்றம் என்றனர். அவ்விரண்டும் இங்கும் பொருந்தும். உள்ளீட்டின் அளவையைச் சொல்லாமை முதற்குற்றம். வேண்டாத விளக்கத்தில் வேண்டியதைப் புதைத்தல் இரண்டாவது. ஒரே பொருளை ஓரிடத்தில் ஒரு பெயராலும் வேறிடத்தில் மற்றொரு பெயராலும் சுட்டி மயங்கவைப்பது மூன்றாவதாகும். கருவி எதற்கு உரியது, எதற்கு உரியதன்று, பிழை நேர்ந்தால் அடுத்துச் செய்வது யாது என்பவற்றை ஓர் எடுத்துக்காட்டுடன் கூறுவதே நல்ல விளக்கம்.

பெங்களூரிலும் ஐதராபாத்திலும் புனேயிலும் நம்மவர் பலர் இத்துறையில் உழைக்கின்றனர். விளக்கம் எழுதுதலை இறுதி நாளின் எஞ்சிய வேலையாக அவர்கள் கருதாதிருத்தல் வேண்டும். இயந்திரத்துக்கென இன்று தெளிவாக எழுதும் பக்கம், நாளை அப்பணிக்குப் புதிதாக வரும் இளைஞர்க்கும் வழிகாட்டும். வீலர் கடினம் என்று சுட்டிய அப்பணி இன்றும் கடினமே. அதனைச் செய்யாது விடுவதன் விலையோ முன்னினும் மிகுந்துவிட்டது.