சீனாவில் தங்க முகமூடி, ஆதிச்சநல்லூரில் தங்கப் பட்டம்... பழனி அருகே கல்லறையில் கிடைத்தது என்ன?

இறந்தவர் முகத்தில் தங்க முகமூடி வைத்துப் புதைக்கும் வழக்கம் பண்டைய சீனப் பிரபுக்களிடம் இருந்தது. அதேபோல தமிழ்நாட்டு ஈமக்காடுகளிலும் தங்கம் இருந்ததா? திண்டுக்கல் மாவட்டக் கல்லறை சொல்வது என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

சீனாவில் என்ன கிடைத்தது?

செங்சோவ் நகரில், ஷாங் வம்சத்துப் பிரபு ஒருவரின் கல்லறையில் கிடைத்த தங்க முகமூடி பற்றி 2022-ல் அறிவிக்கப்பட்டது. நீளம் 18.3 செ.மீ., அகலம் 14.5 செ.மீ., எடை சுமார் 40 கிராம். வயது 3,000 ஆண்டுகளுக்கு மேல்.

இந்த வழக்கம் அதன்பின் நெடுங்காலம் கழித்தும் தென்பட்டது. லியாவோ வம்சத்து சென் இளவரசி 1018-ல் இறந்தபோது அவருக்கு வயது 18. 1986-ல் அவரது கல்லறை திறக்கப்பட்டபோது, இளவரசி, கணவர் இருவர் முகத்திலும் தங்க முகமூடி இருந்தது. உடல்களை வெள்ளிக் கம்பி வலை சுற்றியிருந்தது.

தமிழ்நாட்டில் முகமூடி உண்டா?

முகமூடி இல்லை. ஆனால் நெற்றிப் பட்டம் உண்டு. தூத்துக்குடி மாவட்டம் ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ நடத்திய அகழாய்வில், மெல்லிய தகடாக அடிக்கப்பட்ட தங்கப் பட்டங்கள் கிடைத்தன. நெற்றியில் கட்ட வசதியாக சிலவற்றின் முனைகளில் துளையும் இருந்தது. 2022-ல் மத்திய தொல்லியல் துறையின் அகழாய்விலும் அங்கே ஒரு தங்கப் பட்டம் கிடைத்தது.

சரி, திண்டுக்கல் மாவட்டத்தில்?

பழனியிலிருந்து சுமார் 12 கி.மீ. தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிறது பொருந்தல். 2009, 2010-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா.ராஜன் தலைமையில் இங்கு அகழாய்வு நடந்தது. பேசப்பட்டது தங்கம் அல்ல, நெல்! ஒரு கல்லறையில் நான்கு கால் ஜாடிக்குள் சுமார் 2 கிலோ நெல் இருந்தது. கூடவே ஆயிரக்கணக்கான மணிகள், 'வய்ர' என்று தமிழ் பிராமியில் பொறித்த பானைத் தாங்கி.

நெல்லுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

தங்கத்தில் கார்பன் கிடையாது. அதனால் கார்பன் முறையில் அதன் வயதைக் கணிக்க முடியாது. நெல்லில் முடியும். அமெரிக்க ஆய்வகத்தில் சோதித்தபோது கி.மு. 490 என்று வந்தது. நெல்லும் எழுத்தும் ஒரே கல்லறையில் இருந்ததால், தமிழ் பிராமி அசோகர் காலத்துக்கும் முந்தையது என்ற வாதம் வலுப்பெற்றது. ஒரு கல்லறையை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று சொன்ன அறிஞர்களும் உண்டு. அதனால்தான் மிச்சமுள்ள ஒவ்வொரு கல்லறையும் முக்கியம்.

புதையல் ஆசை என்ன செய்யும்?

உள்ளே தங்கம் இருக்குமோன்னு யாராவது தோண்டினால், முதலில் சிதறுவது நெல்லும் பானையும்தான். எது எதோடு, எந்த ஆழத்தில் இருந்தது என்ற தடயம் ஒருமுறை கலைந்தால் திரும்பக் கிடைக்காது.

தாழி கண்ணில் பட்டால் என்ன செய்வது?

வயலிலோ, வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ முதுமக்கள் தாழி தென்பட்டால் வேலையை நிறுத்திவிட்டு, விஏஓ அல்லது தாசில்தாரிடம் சொல்லுங்க. 1878-ம் ஆண்டு புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு.