சாடியின் வாயை மூடிய கை

1922இல் துட்டன்காமனின் கல்லறை கண்டுபிடிக்கப்பட்டபோது உலகம் தங்கத்தைப் பற்றிப் பேசியது. நாம் பேச விரும்புவது அங்கே இருந்த மண் சாடிகளைப் பற்றி. அரசனோடு சேர்த்து வைக்கப்பட்ட திராட்சை மதுச் சாடிகள் அவை. சுமார் 3,300 ஆண்டுகளுக்கு முன் அவற்றின் வாயை எப்படி மூடினார்கள்?

முதலில் நாணல், வைக்கோல், இலை அல்லது உடைந்த பானை ஓட்டை வைத்து வாயை அடைத்தார்கள். அதன் மேல், கூளம் கலந்து குழைத்த ஈரமண்ணைக் கழுத்து வரை தொப்பிபோல அப்பினார்கள். புதிய மது உள்ளே நொதிக்கும். காற்று வெளியேறாவிட்டால் சாடி வெடித்துவிடும். அதனால் சில மூடிகளில் சிறு துளை விட்டு, நொதித்து முடிந்ததும் அதையும் மண்ணால் அடைத்தார்கள். காற்றும் பூச்சியும் புகாமல் காக்க இவ்வளவு போதும்.

ஆனால் மண் காயும் முன்பே அதன் மேல் முத்திரை ஒன்று குத்தப்பட்டது. எந்த அரசனின், எந்தக் கோயிலின் சொத்து என்று அது சொல்லும். முத்திரை மதுவைப் புளிக்காமல் காப்பதில்லை. அது மனிதர்களிடமிருந்து மதுவைக் காக்கிறது. யாராவது திறந்தால் மண் உடையும், உடைந்தது தெரிந்துவிடும்.

இந்தக் கண்காணிப்பு எவ்வளவு விரிவானது என்பதை இன்றைய சூடானில் உள்ள உரொனார்ட்டிக் கோட்டை காட்டுகிறது. மூன்றாம் செனுஸ்ரெட் காலத்து இந்தக் கோட்டையில், உடைத்து எறியப்பட்ட முத்திரை மண் துண்டுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. அப்படிப்பட்ட துண்டுகளின் முன்பக்கத்தில் அதிகாரத்தின் முத்திரை இருக்கும். பின்பக்கத்தில் கயிறு, கூடை, துணி, மரம் ஆகியவற்றின் தடம் இருக்கும். சாடி, பெட்டி, மூட்டை, கதவு என எதுவும் முத்திரைக்குத் தப்பவில்லை.

பெயர்களுக்கு வருவோம். துட்டன்காமனின் 26 மதுச் சாடிகளில் மையால் எழுதிய குறிப்பு உண்டு. அவற்றில் ஆட்சியாண்டு, தோட்டம், இடம், தலைமைத் திராட்சைத் தோட்டக்காரரின் பெயர் ஆகியவை இருக்கின்றன. ராமோஸ் என்ற பெயரை இன்றும் வாசிக்கலாம். உழைப்பை மேற்பார்த்தவர் வரைக்கும் எழுத்து இறங்கி வந்திருக்கிறது. அதற்குக் கீழே வரவில்லை. தீப்ஸ் நகரத்து நக்த் கல்லறையின் ஓவியத்தில் திராட்சை பறிப்பவர்களும் மிதிப்பவர்களும் இருக்கிறார்கள். வாய் மூடிய சாடிகள் வரிசையாக நிற்கின்றன. நக்த்தின் பெயர் நமக்குத் தெரியும். மிதித்தவர்களின் பெயர் தெரியாது.

நைல் வண்டலைக் குழைத்து, சாடியின் கழுத்தில் வைத்து அழுத்தியவர் அந்த மதுவைக் குடிக்க உரிமை பெற்றவர் அல்லர். அவர் கை மூடியதை அவரே திறந்தால் திருட்டு. அருங்காட்சியகத்தில் அந்த மண் மூடியைப் பார்க்கும்போது நாம் முத்திரையை மட்டும் வாசித்துவிட்டு நகர வேண்டாம். முத்திரைக்கு வெளியே, எழுத்தில்லாத அந்த மண்ணையும் பார்ப்போம். அதை அங்கே வைத்தது ஒரு தொழிலாளியின் கை.